மென்டர் அறை வாசலிலேயே நிற்காதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

முதலாண்டு வகுப்புகள் தொடங்கி, முதல் இன்டர்னல் தேர்வும் முடிந்து, விடைத்தாள் கைக்கு வருகிற சமயம் இது. வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: கல்லூரியில் மென்டர் என்று ஒருவரைக் கொடுத்திருக்கிறார்கள், அவரிடம் எதற்குப் போவது, எப்படிப் போவது? சில கல்லூரிகளில் இவரை டியூட்டர் என்பார்கள், மாணவரை வார்டு என்பார்கள். சில இடங்களில் கிளாஸ் அட்வைசரே இந்த வேலையையும் சேர்த்துப் பார்ப்பார். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லாருடைய பெயரையும் விட்டுவிட்டேன்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க். இங்கே முதல் இன்டர்னலிலேயே கணக்கில் ஃபெயில். வகுப்பில் எல்லாமே ஆங்கிலம். சந்தேகம் கேட்டால் சிரிப்பார்களோ என்று பயம். எனக்குக் கொடுத்திருக்கும் மென்டர் மேம் வேறு டிபார்ட்மென்ட். ஸ்டாஃப் ரூம் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன், உள்ளே போய் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.
– முதலாண்டு மாணவி, திருவண்ணாமலை மாவட்டம்

மேம் வேறு டிபார்ட்மென்ட் என்பதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். மென்டர் உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியவர் இல்லை. உங்களுக்கு எங்கே தடைபடுகிறது என்று பார்த்து, அதற்கு யாரிடம் போக வேண்டும் என்று சொல்லி, தேவைப்பட்டால் அந்த ஆசிரியரிடம் தானே ஒரு வார்த்தை பேசி வைப்பவர். அதற்கு அவர் சிவிலாக இருந்தாலும் கெமிஸ்ட்ரியாக இருந்தாலும் ஒன்றுதான்.

உள்ளே போய் என்ன சொல்வது என்பதுதான் சரியான கேள்வி. "எனக்குக் கணக்கே வரமாட்டேங்குது மேம்" என்று போகாதீர்கள். அதற்கு யாராலும் "நல்லா பிராக்டிஸ் பண்ணும்மா" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாது, நீங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவீர்கள், இரண்டு பேருக்கும் ஒரு பயனும் இருக்காது. விடைத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மார்க் போன இடத்தை விரல் வைத்துக் காட்டுங்கள்.

நான் முதலாண்டுக்குக் கணக்கு நடத்துகிறவள், அதனால் அடிக்கடி கண்ணில் படும் ஒரு தவறைச் சொல்கிறேன். ஐகன் மதிப்பு, அதாவது ஒரு அணிக்கே உரிய சில சிறப்பு எண்களை, காணச் சொல்லி ஒரு அணி (மேட்ரிக்ஸ், எண்களை வரிசையாக அடுக்கிய கட்டம்) கொடுத்திருக்கும். முதல் வரிசை 1, 1, 3. அடுத்தது 1, 5, 1. கடைசி வரிசை 3, 1, 1. கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் போட்டால் லாம்டா கியூப் மைனஸ் 7 லாம்டா ஸ்கொயர் பிளஸ் 36 சமம் பூச்சியம் என்று வரும். அதுவரை மாணவி சரியாகவே போட்டிருப்பார். மைனஸ் 2 ஒரு மூலம் என்பதையும் கண்டுபிடித்திருப்பார். அப்புறம் தொகுமுறை வகுத்தலில் 1, மைனஸ் 7, 36 என்று மூன்று எண்ணை எழுதிவிட்டு வகுக்க ஆரம்பிப்பார். லாம்டா உறுப்பே இல்லாததால் அந்த இடத்தில் ஒரு பூச்சியம் போட வேண்டும், அது விட்டுப்போயிருக்கும். போட்டிருந்தால் 1, மைனஸ் 9, 18, மீதி பூச்சியம் என்று சரியாக வந்து, 3, 6 என்ற மற்ற இரண்டு மதிப்புகளும் கிடைத்திருக்கும். போடாததால் மீதி வருகிறது, பதற்றத்தில் மேலே போட்டது எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார், நேரம் போய்விடுகிறது, அடுத்த பெரிய கேள்வியும் அரைகுறையாக நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஐகன் மதிப்பு நன்றாகவே புரிந்திருக்கிறது. விட்டது ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு விஷயம். விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் பிடிபடும், பார்க்காவிட்டால் "எனக்குக் கணக்கு வராது" என்ற எண்ணம் நான்கு வருடமும் கூடவே வரும்.

உங்கள் தாளில் என்ன போயிற்று என்று எனக்குத் தெரியாது. வகையிடலாக இருக்கலாம், கேள்வியில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதே பிடிபடாமல் போயிருக்கலாம். தமிழ் வழியில் வருகிறவர்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் அணிகள், அணிக்கோவைகள், அணியின் தரம், நேர்மாறு எல்லாம் போட்டுத்தானே வந்தீர்கள்? இங்கே மேட்ரிக்ஸ், டிடர்மினன்ட், ரேங்க், இன்வர்ஸ் என்று காதில் விழும்போது ஏதோ புதிய பாடம் மாதிரி மிரட்டுகிறது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பக்கமாகக் கோடு போட்டு எழுதி வாருங்கள், ஒரு யூனிட்டுக்கு ஒரு பக்கம் கூட வராது. பழைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வீட்டிலிருந்து எடுத்து வந்து அறையில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய புத்தகக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், மென்டரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: உங்கள் பேட்ச்சுக்கு எந்த ஒழுங்குமுறை (ரெகுலேஷன், அதாவது பாடத்திட்டமும் தேர்வு விதிகளும்), இன்டர்னலுக்கு எவ்வளவு, பாஸ் ஆக எவ்வளவு வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2021 ஒழுங்குமுறையில் படிப்பவர்களுக்குத் தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. மொத்தத்தில் 50 வேண்டும், அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். இன்டர்னலில் எழுத்துத் தேர்வு மட்டும் இல்லை, அசைன்மென்ட், செமினார் மாதிரியானவற்றுக்கும் பங்கு உண்டு. ஒழுங்குமுறை மாறினால் இந்தக் கணக்கும் மாறும், சீனியர் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். விதி தெரிந்துவிட்டால், ஒரு இன்டர்னலில் ஃபெயில் என்பது மீள முடியாத விஷயம் இல்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பேச்சைத் தமிழிலேயே ஆரம்பியுங்கள். "மேம், ஐந்து நிமிஷம் இருக்குமா, பேப்பரைக் காட்டணும்" என்று கேட்டால் போதும். மேம் அந்த நேரம் வேலையாக இருந்தால் எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள், சும்மா திரும்பி வராதீர்கள். சிரிப்பார்கள் என்ற பயத்துக்கு என் பதில்: வகுப்பில் கேட்க முடியாததைத் தனியாகக் கேட்பதற்காகத்தான் அந்த ஆளை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும், மாணவர்களை ஏறக்குறைய 20 பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஆசிரியரை மென்டராகப் போட வேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் வகுத்திருக்கும் முறை. நீங்கள் போய்க் கேட்பது உங்களுக்கு உரிய ஒன்று. யாரும் தயவு செய்து தருவது இல்லை.

நான் கட்டட வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் என் மகன்தான். பெற்றோர் வந்து மென்டரைப் பார்க்க வேண்டும் என்று கல்லூரியிலிருந்து போன் வந்தது. போனால் ஒருநாள் கூலி போய்விடும். இதற்குத் தனியாகப் பணம் கட்டச் சொல்வார்களா? மகன் ஏதாவது தப்பு செய்துவிட்டானா என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, கள்ளக்குறிச்சி

ஐயா, மென்டருக்கு என்று தனியாகக் கட்டணம் எதுவும் கிடையாது. அப்படி யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். முதல் செமஸ்டரில் பெற்றோரைக் கூப்பிடுவது எல்லாரையும்தான், தப்பு செய்தவர்களை மட்டும் இல்லை. கூலி போகும் என்றால் போனிலேயே பேசலாம். "இன்ன நாள் சாயங்காலம் வேலை முடிந்து கூப்பிடுகிறேன்" என்று சொன்னால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள். முடிந்தால் ஒரே ஒரு முறை நேரில் போய்விட்டு வாருங்கள், அதற்குப் பிறகு போனில் பேசும்போது இரண்டு பக்கமும் முகம் தெரிந்திருக்கும்.

என்ன கேட்பது என்று தெரியாமல் போய் உட்கார்ந்து, அவர்கள் ஆங்கிலத்தில் சொல்லும் நாலு வார்த்தைக்குத் தலையாட்டிவிட்டு வருவதுதான் பல பெற்றோருக்கு நடக்கிறது. அதனால் இதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வருகை எத்தனை சதவீதம்? எந்தப் பாடத்தில் குறைவு? அவனுக்கு உதவி வேண்டுமானால் கல்லூரியில் என்ன வகுப்பு இருக்கிறது, எத்தனை மணிக்கு? பஸ் பிடித்து வந்து போகிற பிள்ளை என்றால் அந்த நேரத்துக்கு மேல் பஸ் இருக்கிறதா என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள், அது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்புறம் உதவித்தொகை. முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுத்தாயிற்றா, கட்டணத்தில் அது கழிந்திருக்கிறதா என்று கேளுங்கள். மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், 2024 ஆகஸ்ட்டில் தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் என்ற பெயரில் 2022 முதலே இருக்கிறது. இதற்கான வேலையைக் கல்லூரி மூலமாகத்தான் செய்ய வேண்டும், மென்டரைக் கேட்டால் எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று சொல்வார்.

ஒன்றே ஒன்று வேண்டிக் கேட்கிறேன். அங்கே பையன் பக்கத்தில் நிற்கும்போது, "வெயிலில் கல் சுமந்து படிக்க வைக்கிறேன், இவன் இப்படிப் பண்றானே" என்று ஆசிரியர் முன்னால் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் படும் பாடு அவனுக்குத் தெரியும். அதைச் சபையில் சொன்னால், அடுத்த முறை ஒரு பாடத்தில் மார்க் குறையும்போது அதை உங்களிடமும் சொல்லமாட்டான், மென்டரிடமும் சொல்லமாட்டான்.

கலைக் கல்லூரியில் பி.காம். முதலாண்டு. அப்பா இல்லை, ராத்திரி ஒரு குடோனில் வேலை பார்க்கிறேன். காலையில் முதல் இரண்டு பீரியட் தூங்கிவிடுகிறேன். வருகை 68 சதவீதத்துக்கு வந்துவிட்டது. மென்டர் சாரிடம் வேலைக்குப் போவதைச் சொன்னால் திட்டுவாரா? மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– மாணவர், ஈரோடு

தம்பி, பொய்யான சர்டிஃபிகேட் வேண்டவே வேண்டாம். பிடிபட்டால் உண்மையான கஷ்டம் பின்னால் போய்விடும், பொய் மட்டும் முன்னால் நிற்கும்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். அதற்குக் கீழே 65 வரை இருந்தால் காரணத்தைக் காட்டி, கட்டணம் கட்டி விலக்கு கேட்கும் வழி பல இடங்களில் உண்டு. 65-க்கும் கீழே போனால் கதவு ஏறக்குறைய மூடிவிடும். உங்கள் கல்லூரியில் சரியான எண் என்ன என்பதை ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள், தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதி கொஞ்சம் மாறியிருக்கும். நீங்கள் 68-இல் இருக்கிறீர்கள். இன்னும் வகுப்புகள் மிச்சம் இருக்கின்றன, இப்போதே பேசினால் சரிசெய்ய முடியும். ஹால் டிக்கெட் நிறுத்தி வைத்த பிறகு போனால் மென்டர் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சார் திட்டலாம், ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு அவர் செய்யக்கூடிய காரியங்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் கல்லூரியில் இரண்டாம் ஷிஃப்ட் இருந்தால் மதிய வகுப்புக்கு மாற்ற முடியுமா என்று முதல்வரிடம் கேட்கலாம். முதல் பீரியட் எடுக்கும் ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லி வைக்கலாம். உதவித்தொகையில் விடுபட்டிருந்தால் சேர்த்துவிடலாம், அது வந்தால் வாரத்தில் சில ராத்திரி வேலையைக் குறைக்க முடிகிறதா என்று பார்க்கலாம். இதெல்லாம் நடக்க வேண்டும் என்றால் அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இப்போதைக்கு அவர் ரிஜிஸ்டரில் நீங்கள் காலையில் வராத ஒரு பையன், அவ்வளவுதான். அம்மாவிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், வேலை பார்க்கும் இடத்தில் அடையாள அட்டை இருந்தால் அதையும் காட்டுங்கள். படிப்பை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், விடுவதற்கு முன்னால் அவரைப் பார்த்தே தீருவேன் என்று மட்டும் எனக்கு வாக்குக் கொடுங்கள்.

நான் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். 25 வார்டுகள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல், மாதம் ஒரு கையெழுத்து. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வரும்போது காட்ட வேண்டும் என்பதால் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துக் கையெழுத்து வாங்குவதுதான் நடக்கிறது. எனக்கே வெட்கமாக இருக்கிறது. வகுப்பு, லேப், பேப்பர் திருத்தம் போக நேரமும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது?
– ஆசிரியை, கோவை

உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் இந்த வரிசையை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மாணவர்களுக்கும் மென்டர்களுக்கும் உள்ள விகிதத்தை நாக் கேட்கிறது, கல்லூரிகளும் அதற்காகவே ஃபைலைத் தயார் செய்கின்றன. ஃபைலின் முதல் பக்கத்தில் போட்டோ, பெற்றோர் போன் நம்பர், பத்தாம் வகுப்பு பன்னிரண்டாம் வகுப்பு மார்க். அடுத்த பக்கத்தில் இன்டர்னல் மார்க், வருகை. அதற்கடுத்து "கூறப்பட்ட ஆலோசனை" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வாக்கியம் இருக்கும்: நன்றாகப் படிக்கும்படி அறிவுறுத்தப்பட்டது. அதன் கீழே மாணவர் கையெழுத்து. யார் என்ன சொன்னார்கள், இவர் என்ன செய்தார் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு தடயமும் இருக்காது.

ஃபைலை விடச் சொல்லவில்லை, அது வேலையின் பகுதி. வரிசையை மட்டும் விடுங்கள். 25 பேரையும் மாதா மாதம் பார்க்க உங்களால் முடியாது, அதை ஒப்புக்கொண்டு ஆரம்பித்தால் போதும். முதல் செமஸ்டரில் ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறை தனியாக, பத்து நிமிடம், உட்காரவைத்துப் பேசுங்கள். ஒரு நாளைக்கு ஒருவர் என்றால் ஐந்தாறு வாரத்தில் முடிந்துவிடும். உட்காரவைத்து என்பது முக்கியம். நம் ஸ்டாஃப் ரூம்களில் மாணவர்களுக்கு நாற்காலி போடும் வழக்கமே இல்லை, மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டி நின்றுகொண்டு, நாலு ஆசிரியர்கள் காதில் விழ, எந்தப் பிள்ளை தன் வீட்டு விஷயத்தைப் பேசும்? லேப் காலியாக இருக்கும் நேரமோ நூலக மூலையோ போதும்.

மார்க்கிலிருந்து பேச்சை ஆரம்பிக்காதீர்கள். எங்கிருந்து வருகிறாய், எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், சாப்பாடு எப்படி, எந்த வகுப்பு பிடித்திருக்கிறது, எதில் உட்கார்ந்தால் ஒன்றுமே புரியவில்லை. இவ்வளவு கேட்டாலே பாதிப் பேருடைய பிரச்சினை வெளியே வந்துவிடும். காலை ஐந்தரைக்குக் கல்லூரி பஸ் ஏறுகிற பெண் முதல் பீரியடில் தூங்குவதை "ஆர்வமின்மை" என்று எழுதியிருப்பார்கள், நீங்கள் எழுதாதீர்கள். பேசி முடித்ததும் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள், செய்ய வேண்டியது யார் என்பதோடு: "பைத்தான் லேப் ரெக்கார்டு இரண்டு பயிற்சி பாக்கி, வெள்ளிக்குள் முடிப்பதாகச் சொன்னாள், லேப் ஆசிரியரிடம் நான் பேச வேண்டும்." அடுத்த முறை அதைப் பார்த்து, "முடிச்சியா?" என்று கேட்டால், நம்மை ஒருவர் நினைவு வைத்திருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். நாக் குழுவுக்கும் இந்த ஃபைலைத்தான் காட்டத் தோன்றும்.

இன்டர்னல் மார்க் வந்த வாரத்தில் எல்லாரையும் கூப்பிடாமல், திடீரென்று இறங்கியவர்களை மட்டும் கூப்பிடுங்கள். எப்போதும் 40 வாங்குகிறவனைவிட, 80-இலிருந்து 45-க்கு வந்தவனைப் பார்ப்பது அவசரம். "ஸ்லோ லேர்னர்" பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும் வகுப்பில் வாசிப்பதும் உங்கள் துறையில் நடந்தால், தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். சிறப்பு வகுப்புக்கு வர வேண்டியவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட முடியும், பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்பதற்காகவே அந்த வகுப்புக்கு வராமல் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அது உங்கள் ஃபைலில் எழுதித் தீர்க்கிற விஷயம் இல்லை. அந்தப் பிள்ளையைத் தனியாக விடாமல், கல்லூரி உளவியல் ஆலோசகரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். ஆலோசகர் இல்லாத கல்லூரி என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்து போன் போடுங்கள், 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

மென்டரிடம் ஒரு தோழி விஷயமாக மனம்விட்டுப் பேசினேன். அன்று ராத்திரியே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். இனிமேல் அவரிடம் போகவே பிடிக்கவில்லை.
– மாணவி, மதுரை

உங்கள் கோபம் நியாயமானது. உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும், அப்போதும் உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை. மற்றபடி நம்பிப் பேசியதை எடுத்துப் போனில் சொல்வது தவறு. துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.யிடம் போய், காரணத்தை விரிவாகச் சொல்லாமலேயே, மென்டரை மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம், பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள். தயக்கமாக இருந்தால் உங்களுக்குப் பிடித்த வேறொரு ஆசிரியரிடம் முதலில் சொல்லுங்கள். ஃபைலில் பெயர் யாருடையதாக இருந்தாலும், நீங்கள் நம்பிப் பேசுகிற ஒரு பெரியவர் அந்த வளாகத்தில் இருக்க வேண்டும், அது நூலகராக இருந்தாலும் சரி, விளையாட்டு ஆசிரியராக இருந்தாலும் சரி.

செப்டம்பரில் இங்கிலாந்தில் எம்.எஸ்.சி. சேருகிறேன். "உங்கள் பெர்சனல் டியூட்டர் இவர்" என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. டியூஷன் மாதிரியா? பதில் போட வேண்டுமா?
– பட்டதாரி, திருச்சி

டியூஷன் இல்லை. நம் ஊர் மென்டர் செய்கிற அதே வேலைதான், ஆனால் அங்கே அவர் உங்களைத் தேடி வரமாட்டார், வீட்டுக்கும் போன் போடமாட்டார். நீங்கள்தான் மெயில் போட்டு நேரம் வாங்க வேண்டும். இன்றைக்கே நாலு வரியில் பதில் போடுங்கள்: யார், எந்தப் படிப்பு, எப்போது வருகிறேன், முதல் வாரத்தில் பார்க்க நேரம் கிடைக்குமா. பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள், கூப்பிடலாம், மரியாதைக் குறைவு இல்லை.

யாரிடம் எதைக் கேட்பது என்பதுதான் அங்கே குழப்பும். பாடத்தில் சந்தேகம் என்றால் அந்த மாட்யூலை நடத்துகிறவரிடம், டிஸர்டேஷன் என்கிற ஆய்வேட்டுக்குத் தனியாக ஒரு சூப்பர்வைசர், மற்ற எல்லாவற்றுக்கும் முதல் படி பெர்சனல் டியூட்டர். கட்டுரை எழுதுவதற்கு உதவும் ஒரு பிரிவும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இலவசமாக உண்டு. முதல் கட்டுரையைச் சமர்ப்பிப்பதற்கு முன்னால் அங்கே போங்கள். நாம் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதி மார்க் வாங்கிப் பழகியவர்கள், அங்கே மேற்கோள் காட்டாமல் நாலு வரி எடுத்துப் போட்டாலே திருட்டு என்று விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், டர்னிட்டின் மென்பொருள் அந்த வரிகளை நிறம் போட்டுக் காட்டிவிடும். தெரியாமல் செய்தேன் என்பது பெரிதாக எடுபடாது.

உடம்பு சரியில்லை, வீட்டில் ஒரு இழப்பு, கட்டுரையை முடிக்க முடியவில்லை என்றால் கடைசித் தேதிக்கு முன்பே டியூட்டருக்கு எழுதுங்கள். சூழ்நிலையைக் காட்டிக் கால அவகாசம் கேட்க ஒரு படிவம் இருக்கும், தேதி தாண்டிய பிறகு அது கடினம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்புக்கு வருகிறார்களா என்பதைப் பல்கலைக்கழகம் கவனித்தாக வேண்டும், அதனால் சொல்லாமல் காணாமல் போவது படிப்போடு நிற்காது. இன்னொன்று: மார்க் 62 என்று வந்தால் அழாதீர்கள். முதுகலையில் பொதுவாக 50 பாஸ், 60-க்கு மேல் மெரிட், 70 தாண்டினால் டிஸ்டிங்ஷன். அங்கே 62 நல்ல மார்க்.

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது, இன்ஜினீயரிங் கெமிஸ்ட்ரியில் அரியர். நன்றாகத்தான் எழுதினேன். மென்டரிடம் போய் என்ன ஆகப்போகிறது?
– மாணவர், விருதுநகர்

நன்றாக எழுதினேன் என்று உறுதியாகத் தோன்றினால், விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலில் ஃபோட்டோகாப்பி வாங்கி, அதைப் பார்த்த பிறகுதான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும், இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம். நகல் கைக்கு வந்ததும் மென்டரிடம் எடுத்துப் போங்கள், அவர் உங்களைக் கெமிஸ்ட்ரி ஆசிரியரிடம் அனுப்புவார், அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து மறுமதிப்பீடு கேட்கலாமா வேண்டாமா என்று சொல்வார். கேட்கலாம் என்றால் கட்டணத்தைக் கட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பணம் மிச்சம், எந்த யூனிட்டில் விட்டோம் என்பதும் கையிலேயே இருக்கிறது, அடுத்த செமஸ்டரோடு சேர்த்து எழுதி முடித்துவிடலாம். பாடத்தை மறுபடி கேட்க வேண்டும் என்றால் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன.

முதலாண்டு அரியரை வைத்துக்கொண்டு மூன்றாம் ஆண்டு வரை போகிறவர்கள்தான் பிறகு வேலைவாய்ப்பு முகாமில் பெயர் கொடுக்க முடியாமல் நிற்கிறார்கள், பல நிறுவனங்கள் அரியர் இல்லாதவர்களை மட்டுமே உட்கார விடுகின்றன. நகலுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள். கடைசித் தேதி என்ன என்று நாளைக்குக் காலையிலேயே கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.